கண்ணில் வளரும் சதைக்கு ரத்தத்திலேயே ஒட்டு!

பெரம்பலூர் பருத்திக் காட்டிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வெயில், தூசி, காற்று மூன்றும் உண்டு. அங்கே உழைக்கும் சிலருக்கு வெள்ளை விழியில் சதை வளர்ந்து, கருவிழி மேல் ஏறுகிறது.

வெட்டி எடுத்தால் போதாதா? போதாது! அந்த இடத்தை மூடாமல் விட்டால், சதை மீண்டும் வளரக்கூடும். எனவே, கண்ணின் மேல்தோலில் சிறு துண்டு எடுத்து அங்கே ஒட்டுவது வழக்கம்.

நோயாளியின் ரத்தத்தையே இயந்திரத்தில் சுழற்றி, உறைந்த பகுதியை அழுத்திச் சவ்வாக்கி ஒட்டுவது புதிய வழி. 2001-ல் பிரான்சில் வாய் சிகிச்சைக்காகப் பிறந்த முறை இது. கண்ணின் தோல் மிச்சமாகும். பின்னாளில் கண் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் தேவைப்பட்டால், அந்தத் தோல் வேண்டுமே! ஆனாலும் டாக்டர்கள் அதிகம் நம்புவது பழைய ஒட்டையே.

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சதை பார்வையை மறைக்கும்வரை காத்திருக்காதீர்கள். வெயிலில் தொப்பியும் கண்ணாடியும் மறவாதீர்கள்!