பேய்க்கு யாருடைய புடவை?

காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் கல்லூரிகள் பலவற்றில், திகில் படம் ஒன்றுக்கு ஒன்றரை நிமிட முன்னோட்டம் எடுப்பது ஒரு பருவத்தின் செய்முறைப் பயிற்சி. கதை முடிவானதும் மாணவர் குழு ஓர் அட்டவணை போடுகிறது. இடம், பொருள், உடை என்று மூன்று பத்திகள். எழுதியவரும் இயக்குபவரும் அதை எழுத்தர் வேலை என்று கருதிக் குழுவில் இளையவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆனால் படம் யாரைக் கண்டு அஞ்சச் சொல்கிறது என்ற கேள்விக்கு விடை எழுதப்படுவது திரைக்கதையில் அன்று, அந்த அட்டவணையில்தான்.

காரணம், முன்னோட்டத்தின் நீளம். குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, சமூகம் செய்துகொண்ட உடன்பாடு என்பது மொழியியலின் முதற்பாடம். புதிய குறி ஒன்றை உருவாக்கிப் பார்வையாளரை அதற்குப் பழக்குவதற்கு நேரம் வேண்டும். முழுநீளப் படத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. முன்னோட்டத்துக்குத் தொண்ணூறு நொடிகளே. எனவே அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள குறிகளைக் கடன் வாங்குகிறது. பழைய மாளிகை, இரவில் கேட்கும் பெண்குரல் ஆகியவற்றை இந்தித் திரைக்கு ‘மஹல்’ (1949), ‘பீஸ் சால் பாத்’ (1962) போன்ற படங்கள் பழக்கின. பாழடைந்த கட்டடங்களையும் கல்லறைகளையும் 1970, 80களில் ராம்சே சகோதரர்கள் சிற்றூர்க் கொட்டகைகள் வரை கொண்டுசென்றார்கள். கடன் வாங்குவது குற்றமன்று. அந்தக் குறியின் இன்னொரு முனையில் உயிருள்ள மனிதர் யாராவது நிற்கிறாரா என்று பாராமல் வாங்குவதே சிக்கல்.

உடையைப் பார்ப்போம். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பொட்டில்லாத நெற்றி. நாடெங்கும் மாணவர் படங்களில் பேய்க்குரிய சீருடை இதுதான். இந்தியாவின் பல பகுதிகளில் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்த உடையும் இதுவே. 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. ஆயினும் பிருந்தாவனத்தின் ஆசிரமங்களில் இன்றும் வெள்ளை உடுத்தி வாழும் பெண்களைக் காணலாம். வடஇந்திய நாட்டார் நம்பிக்கையில் ‘சுடைல்’ என்பவள் பெரும்பாலும் கருவுற்றிருந்தபோதோ மகப்பேற்றிலோ இறந்த பெண். மருத்துவம் எட்டாததால் மாண்டவளே ஊரை அச்சுறுத்துபவளாக மாற்றப்படுகிறாள். ‘டாயன்’ என்ற சொல்லின் கதை இன்னும் கொடியது. அந்தப் பட்டம் சூட்டிப் பெண்களை அடிப்பதையும் கொல்வதையும் தடுக்கப் பீகார் 1999இலும், ஒடிசா 2013இலும், அசாம் 2015இலும் தனிச்சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது. இத்தனை சட்டங்களுக்குக் காரணமான ஒரு சொல், கல்லூரித் திரையில் வெறும் ஒப்பனைக் குறிப்பாக இறங்கிவிடுகிறது.

அடுத்தது பொருள். மருத்துவக் கல்லூரி நண்பர் வழியாக மண்டையோடு ஒன்றை இரவல் பெறுவது மாணவர் குழுக்கள் சில பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சாதனை. அது நெகிழியா, எலும்பா என்று யாரும் கேட்பதில்லை. உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளைப் பெருமளவில் அனுப்பிவந்த நாடு இந்தியா. அந்த ஏற்றுமதி 1985இல் தடைசெய்யப்பட்டது. எலும்பாகிப் போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள், உரிமை கோர உறவில்லாதவர்கள். அந்த மண்டையோட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. பாடம் கற்பிக்க அது மேசையில் இருப்பது வேறு, அலறலுக்கு முந்தைய அண்மைக்காட்சியில் இருப்பது வேறு.

சங்கிலியும் அப்படித்தான். மனநலம் குன்றியவரைக் கட்டிப்போட்டுக் காட்டுவது திகில் படத்துக்கு எளிய குறுக்குவழி. 2001 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் விலக்கிய பொருளைத் திரையில் காட்டலாம். ஆனால் அச்சத்துக்குரியது சங்கிலியா, கட்டுண்டவரா என்பதை இயக்குநர் முடிவுசெய்தாக வேண்டும். முன்னோட்டங்கள் பெரும்பாலும் கட்டுண்டவரையே கைகாட்டுகின்றன.

இடத்துக்கு வருவோம். ராஜஸ்தானின் பான்கட் கோட்டைக்குள் கதிரவன் மறைந்தபின் நுழையக் கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. அரசே பேயை ஒப்புக்கொண்டுவிட்டது என்று இணையம் அதைப் பரப்புகிறது. அந்தி சாய்ந்ததும் மூடப்படும் நினைவுச்சின்னங்கள் நாடெங்கும் உள்ளன என்பதை அது சொல்வதில்லை. அருகிலுள்ள கைவிடப்பட்ட வீட்டையோ இடுகாட்டையோ தேர்ந்தெடுக்கும் குழுவும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. படப்பிடிப்பு ஓர் இரவில் முடிந்துவிடும். ‘பேய் வீடு’ என்ற பெயர் அந்த வீட்டைவிட்டுப் போகாது. அதைப் பின்னர் வாடகைக்கு விட வேண்டியவர் வேறொருவர். இடுகாட்டிலோ, பகலில் யாரோ ஒருவர் பூ வைத்துவிட்டுப் போன மேட்டின்மீது இரவில் விளக்குத் தாங்கி நிற்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. திகில் என்பதே மரபுக் குறிகளால் இயங்கும் வகைமை. குறிகளைப் பறித்துக்கொண்டால் எஞ்சுவது அறிவுரை மட்டுமே. மேலும், ‘ஸ்த்ரீ’ (2018), ‘புல்புல்’ (2020) ஆகிய படங்கள் இதே சுடைல் மரபை எடுத்துக்கொண்டு, அநீதிக்குள்ளான பெண்ணின் பக்கம் பார்வையாளரைத் திருப்பவில்லையா? திருப்பின. ஆனால் அந்தத் திருப்பத்தைச் சாத்தியமாக்கியது அவற்றின் நீளம். முதல் பாதியில் அஞ்சவைத்த உருவத்தை மறுபாதியில் புரியவைக்க அவற்றுக்கு இடமிருந்தது. மாணவரின் முன்னோட்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் முழுப்படமே கிடையாது. திருப்பம் வராத கதையில் குறி மட்டுமே எஞ்சுகிறது. எனவே சிறிய வடிவத்துக்கே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மாற்று வழி கடினமானதன்று. ராகுல் சதாசிவனின் மலையாளப் படமான ‘பூதகாலம்’ (2022) ஒரு சாதாரண வீடு, ஒரு தாய், ஒரு மகன் என்ற அளவில் நின்றே பார்வையாளரை நடுங்கவைத்தது. மாணவர்களின் கைக்கெட்டும் இடங்களில் அச்சம் குறைவாகவா இருக்கிறது? விடுமுறையில் வெறிச்சோடிய விடுதித் தாழ்வாரம். எல்லாரும் ஊருக்குப் போனபின் ஓர் அறையில் மட்டும் ஓடும் மின்விசிறி. நான்கு பேர் உண்ணும் மேசையில் ஐந்தாவது தட்டு. வருகைப் பதிவேட்டில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர், அதன் எதிரே நாள்தோறும் ‘வந்தார்’ என்ற குறி. உடைக்கு அவரவர் அன்றாட ஆடையே போதும், ஒன்றே ஒன்று பிறழ்ந்திருந்தால். கோடைக்காலக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் நனைந்த சட்டையுடன் நிற்கட்டும். இவை யாருடைய துயரத்தையும் இரவல் வாங்காதவை, செலவும் குறைவு.

ஆகவே அந்த அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும்: ‘இது யாருடையது?’ இடத்துக்கு எதிரே அனுமதி தந்தவர், அங்கே வாழ்பவர். பொருளுக்கு எதிரே அது வந்த வழி. உடைக்கு எதிரே அதை அன்றாடம் உடுத்துபவர். விடை எழுத முடியாத வரிகளை நீக்கிவிடலாம். எழுத முடிந்தவற்றைத் துணிந்து பயன்படுத்தலாம். ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் மதிப்பெண் வைக்கும் ஆசிரியர்கள் இந்தப் பத்திக்கும் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால், அட்டவணை இளையவரின் தலையில் விழாது. குழு முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசும். திரைக்கல்வி தொடங்கவேண்டிய இடமும் அதுவே.