ரஞ்சி பந்தயம் இரண்டு துண்டு: லாபம் யாருக்கு?

ரஞ்சி கோப்பை கிரிக்கெட் பந்தயத்தை இரண்டு துண்டாக வெட்டி நடத்துவது சரியா, தவறா? 2024-25 பருவத்தில் இந்த மாற்றம் வந்ததில் இருந்து கிரிக்கெட் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் இரட்டை அக்கறை உண்டு. பிழைப்பு மும்பையில், மனசு சேப்பாக்கத்தில். தமிழ்நாடு அணி மும்பைக்கு வந்தால் யாருக்குக் கை தட்டுவது என்று ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் கட்சி பிரிவது உண்டு.

சண்டையின் தொடக்கமே அப்படி ஒரு ஆட்டத்தில்தான். 2024 மார்ச் 2-ந்தேதி, சனிக்கிழமை. தாராவிக்குப் பக்கத்தில் உள்ள பாந்திரா-குர்லா மைதானத்தில் மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் அரை இறுதி ஆட்டம். தமிழ்நாடு முதலில் ஆடி 146 ரன்னில் சுருண்டது. மும்பை 378 ரன் குவித்தது. தமிழ்நாடு மறுபடி 162 ரன்னில் அவுட். ஐந்து நாள் ஆட்டம் மூன்றே நாளில் முடிந்து, இன்னிங்சும் 70 ரன்னும் வித்தியாசத்தில் மும்பை வென்றது.

அந்த ஆட்டத்தில் சதம் அடித்தவர் மும்பை வேகப்பந்து வீச்சாளர் ஷர்துல் தாக்கூர். அடித்த கையோடு நிருபர்களிடம் ஒரு புகாரையும் சொன்னார். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே மூன்று நாள்தான் இடைவெளி. இன்னும் இரண்டு பருவம் இப்படியே போனால் நாடு முழுவதும் ஆட்டக்காரர்கள் காயத்தில் படுப்பார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அப்போது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ராகுல் திராவிடும், ஆட்டக்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றார்.

மூன்று நாள் கணக்கு

மூன்று நாள் போதாதா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு லீக் ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை தொடங்கி திங்கட்கிழமை முடிந்தன. செவ்வாய் மூட்டை கட்டி, புதன் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், வியாழன் பயிற்சி. வெள்ளி காலை மறுபடி பந்து போட வேண்டும். நான்கு நாளில் நாற்பது ஓவர் வீசிய தோளுக்கு ஓய்வு எங்கே?

2024 ஜனவரி 5-ந்தேதி தொடங்கிய பந்தயம் மார்ச் 14-ந்தேதி இறுதி ஆட்டத்தோடு முடிந்தது. கோப்பையை வென்ற மும்பை அணி அந்தப் பத்து வாரத்தில் பத்து ஆட்டம் ஆடியது. இரட்டை டியூட்டி பார்த்துப் பழகிய தொழிலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நெருக்கடி ஏன்? அணிகளின் எண்ணிக்கை ஒரு காரணம். அந்தக் காலத்தில் மண்டல முறை. தெற்கு மண்டலத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், ஐதராபாத், ஆந்திரா, கேரளா என்று ஐந்து அணி. நாலு லீக் ஆட்டம் ஆடினால் கதை முடிந்தது. இன்று 38 அணிகள். முதல் தட்டில் உள்ள 32 அணிகளும் எட்டு எட்டாகப் பிரிந்து, அணிக்கு ஏழு லீக் ஆட்டம் ஆடுகின்றன.

இன்னொரு காரணம் ஐ.பி.எல். 2008-ல் அது வந்த பிறகு மார்ச் கடைசிக்குள் மற்ற எல்லாக் கடையையும் மூடியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் பாசஞ்சர் வண்டியை லூப் லைனில் ஒதுக்குவது போல, ரஞ்சிக்குக் கிடைப்பது மிச்ச நேரம். 2022-ல் லீக் ஆட்டங்களை பிப்ரவரி, மார்ச்சில் முடித்து, நாக்-அவுட் ஆட்டங்களை ஐ.பி.எல். முடியும் வரை காக்க வைத்து ஜூனில் நடத்தினார்கள். அந்த இறுதி ஆட்டத்தில்தான் மத்தியப்பிரதேசம் மும்பையைத் தோற்கடித்து முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

பனியா, மழையா?

2024-25-ல் கிரிக்கெட் போர்டு புதிய அட்டவணை போட்டது. முதல் ஐந்து லீக் ஆட்டங்கள் அக்டோபர் 11 முதல் நவம்பர் 16 வரை. பிறகு 20 ஓவர் பந்தயம், 50 ஓவர் பந்தயம். மிச்சம் இரண்டு லீக் ஆட்டமும் நாக்-அவுட்டும் ஜனவரி 23-ந்தேதிக்குப் பிறகு. 2025-26 பருவத்துக்கும் அக்டோபர் 15, ஜனவரி 22 என்று இரண்டு தொடக்கம் வைத்தே அட்டவணை வந்தது.

போர்டு சொன்ன முக்கியக் காரணம் வடநாட்டுக் குளிர். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, பஞ்சாப் பக்கம் காலை பத்து, பதினோரு மணி வரை மூடுபனி விலகாது. வெளிச்சம் இல்லாமல் ஆட்டக்காரர்களும் நடுவர்களும் கூடாரத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான். மூடுபனிக் காலத்தில் வடக்கே போகும் ரயில்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் தென்னாட்டு ரசிகர்கள் கேட்பது வேறு. அவர்களின் பனி விலகட்டும், எங்கள் மழையை என்ன செய்வது? அக்டோபர், நவம்பர் என்றால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. 2024 அக்டோபர் 16-ந்தேதி பெங்களூரில் நியூசிலாந்துடன் நடக்க வேண்டிய டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாள் முழுவதும் மழையில் போனது. டெஸ்ட்டுக்கே அந்தக் கதி என்றால் ரஞ்சிக்குச் சொல்ல வேண்டுமா?

வடக்கிலும் நவம்பர் சுத்தமான மாதம் இல்லை. 2016 நவம்பரில் டெல்லியில் இரண்டு ரஞ்சி ஆட்டங்கள் புகைமூட்டத்தால் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டன. அதில் ஒன்று, புதுடெல்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ரயில்வேயின் கர்னைல் சிங் மைதானத்தில் நடக்க வேண்டிய ஆட்டம்.

மழையில் ஆட்டம் போனால் இரு அணிக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. ஏழே ஆட்டம் உள்ள லீக்கில் அது சின்ன விஷயம் அல்ல. 2024-25 பருவத்தில் கேரளா கால் இறுதியைத் தாண்டியது முதல் இன்னிங்சில் ஒரே ஒரு ரன் முன்னிலையில். அரை இறுதியைத் தாண்டியது இரண்டு ரன் முன்னிலையில். இப்படி நூலிழையில் தீர்ப்பாகும் பந்தயத்தில் ஒரு ஆட்டத்தை மழைக்குக் கொடுப்பது அநியாயம்.

இதற்கு ரசிகர்கள் சொல்லும் வழி எளிது. அக்டோபர், நவம்பரில் தென்னக அணிகளை வெளியூருக்கு அனுப்பு. ஜனவரியில் சொந்த ஊரில் ஆட விடு. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குத்தான் இடிக்கிறது. ஏழு ஆட்டத்தில் மூன்றோ நான்கோ சொந்த ஊரில் ஆட வேண்டும். ஜனவரிக்கு மிச்சம் வைத்திருப்பதோ இரண்டு. முதல் பகுதியை நான்கு ஆட்டமாகக் குறைத்து, மூன்றை ஜனவரிக்குத் தள்ளினால் ஓரளவு சரிக்கட்டலாம். அதற்கு 50 ஓவர் பந்தயத்தைச் சற்றுச் சுருக்க வேண்டும். அதைச் செய்யலாம், குடி முழுகிவிடாது.

சுனில் கவாஸ்கர் சொன்ன யோசனை வேறு. ரஞ்சியை அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை ஒரே மூச்சில் நடத்தி முடித்து, பிறகு மற்ற பந்தயங்களை வைக்கலாம் என்று 2024-ல் எழுதினார். இடையில் இரண்டு மாதம் 20 ஓவர், 50 ஓவர் ஆடிவிட்டு மறுபடி சிவப்புப் பந்தை எடுக்கும் தடுமாற்றம் இதில் இல்லை. ஆனால் மழைக்கு இது பதில் சொல்லவில்லை.

நட்சத்திரமும் நாள் கூலியும்

ஜனவரியில் ஒரு பகுதி வைத்ததால் ஒரு நன்மை நடந்தது. ஆஸ்திரேலியாவில் தோற்றுத் திரும்பிய இந்திய அணி ஆட்டக்காரர்கள் உள்ளூர்ப் பந்தயத்தில் ஆட வேண்டும் என்று போர்டு கண்டிப்புக் காட்டியது. 2025 ஜனவரி 30-ந்தேதி விராட் கோலி 2012-க்குப் பிறகு முதல் முறையாக டெல்லிக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். இலவச அனுமதி, ஆயிரக்கணக்கில் கூட்டம். ரயில்வே பந்து வீச்சாளர் ஹிமான்சு சங்க்வான் ஸ்டம்பைப் பறக்க விட்டபோது கோலியின் ரன் 6. வந்த கூட்டத்தில் பாதி அதோடு எழுந்து போய்விட்டது என்பார்கள். ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கோ அன்று தீபாவளி.

ஆனால் அட்டவணையை நட்சத்திரங்களுக்காகப் போடுவது சரியாகாது. ஐ.பி.எல். ஏலத்தில் பெயர் வராத நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு ரஞ்சிதான் சோறு. 2021-ல் போர்டு நிர்ணயித்த சம்பளப்படி, 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளுக்கு 40,000 ரூபாய். 28 நாள் ஆடினால் 11 லட்சத்து 20 ஆயிரம். வெளியே உட்கார்ந்தால் அதில் பாதி. காயம் பட்டு வீட்டில் இருந்தால் அந்தப் பாதியும் சந்தேகம். கொரோனாவால் 2020-21-ல் ரஞ்சி பந்தயமே நின்றபோது இவர்கள் பட்ட கஷ்டத்தைப் பார்த்துத்தான் போர்டு பிறகு நஷ்ட ஈடு அறிவித்தது.

ஆகவே ஓய்வு நாள் என்பது இவர்களுக்குச் சொகுசு அல்ல, வருமானம். அந்த விஷயத்தில் புதிய அட்டவணை பாதி வேலைதான் செய்திருக்கிறது. 2024-ல் அக்டோபர் 11, 18, 26, நவம்பர் 6, 13 என்று ஆட்டங்கள் தொடங்கின. தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் கிடைத்தது. முதல் இரண்டு ஆட்டத்துக்கு நடுவிலும், கடைசி இரண்டுக்கு நடுவிலும் அதே மூன்று நாள்தான்.

பார்ப்பவர்களை மறந்தார்கள்

விவாதத்தில் அதிகம் அடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பார்க்க வருபவன் எந்த நாளில் வருவான்?

வெள்ளிக்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறு இரண்டும் ஆட்டத்தின் நடு நாட்கள். மாதச் சம்பளக்காரன் லீவு போடாமல் பார்க்கலாம். 2024 நவம்பரில் இரண்டு ஆட்டங்கள் புதன்கிழமை தொடங்கின. சனிக்கிழமை கடைசி நாள், ஞாயிறு ஒன்றும் இல்லை. ஜனவரி ஆட்டங்கள் வியாழக்கிழமை தொடங்கின. சனி, ஞாயிறு மூன்றாம், நான்காம் நாள். அதுவரை ஆட்டம் உயிரோடு இருந்தால் பார்க்கலாம்.

2025 ஜனவரி 23-ந்தேதி, வியாழன். ரோகித் சர்மா ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மும்பைக்காக ரஞ்சி ஆடினார். எதிரணி ஜம்மு-காஷ்மீர். இடம் அதே பாந்திரா-குர்லா மைதானம்; தாராவியில் இருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை குடியரசு தினமும் சேர்ந்து வந்ததால், அன்று பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று நினைத்தவர்கள் பலர். மும்பை முதல் இன்னிங்சில் 120 ரன்னில் அவுட். சனிக்கிழமையே ஜம்மு-காஷ்மீர் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. ஞாயிறு அன்று மைதானத்தில் ஆட்டம் இல்லை.