மாதிரிக் காசோலை செய்தியாகிவிடாது

பத்திரிகையும் மக்கள் தொடர்பும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பது மேடைகளில் கைதட்டல் வாங்கும் பேச்சு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் போன்ற சிறு நகரங்களில் அது நடைமுறையாகவே ஆகிவிட்டது. தமிழ்ப்பள்ளியிலோ கோயிலிலோ பிரமுகர் பெரிய மாதிரிக் காசோலையை நீட்டுவார். படமும் அவர் அலுவலகம் எழுதிய வரிகளும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். மறுநாள் அப்படியே அச்சாகும். இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் நான்கு.

முதலாவது, இரண்டும் தகவல் தரும் வேலைதானே என்பது. ஆனால் சம்பளம் தருபவர் வேறு. லண்டனின் எஃப்.பி.சி. மீடியா நிறுவனம் மலேசிய அரசிடம் விளம்பர வேலைக்குப் பணம் பெற்றுக்கொண்டே, பிபிசி வேர்ல்ட் நியூஸ் தொலைக்காட்சிக்கு மலேசியா பற்றிய நிகழ்ச்சிகளையும் தயாரித்தது. 2011இல் இது அம்பலமானது. 2012 பிப்ரவரியில் பிபிசி நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. இரண்டும் ஒரே வேலை என்றால் மன்னிப்பு எதற்கு?

இரண்டாவது, அறிக்கையில் இருப்பது உண்மைதானே என்பது. உண்மைதான், பாதி. 2011 ஜனவரி 30, லாபிஸ் வட்டாரத்தில் உள்ள தெனாங் தொகுதியின் சட்டமன்ற இடைத்தேர்தல். வாக்களிப்பு நாளிலேயே லாபிஸ் வட்டாரம் வெள்ளத்தில் சிக்கியது. அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 3,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றது என்பதை எந்தக் கட்சி அலுவலகமும் எழுதித் தரும். எந்தத் தோட்டத்துச் சாலை துண்டிக்கப்பட்டது, யாரால் வாக்களிக்க வர முடியவில்லை என்பதைத் தண்ணீரில் இறங்கிய நிருபர்தான் சொல்ல முடியும். காசோலையும் அப்படியே. கொடுத்த நாளை அறிக்கை சொல்லும். அந்தப் பணம் என்ன ஆனது என்பதைச் சொல்லாது. இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் நிதி குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணைக்கு வந்த பிறகாவது, அந்தக் கேள்வியின் எடை நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இது இல்லாமல் தமிழ் நாளிதழ் பிழைக்காது என்பது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன், மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) முன்னாள் தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தார் கையில் நெடுங்காலம் இருந்தது. அதைவிட அதிகார நெருக்கம் எந்தத் தமிழ் ஏட்டுக்கு வாய்த்தது? நட்டம் தாங்காமல் 2019இல் அது மூடப்பட்டது. பிரமுகர் படம் பிரமுகருக்குத்தான் தேவை; காசு கொடுத்து வாங்குகிற வாசகருக்கு வேறு ஏதாவது வேண்டும்.

நான்காவது, வாசகருக்கே வித்தியாசம் தெரியும் என்பது. அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் ஜோஷுவா ட்ரெவினோ, அன்றைய மலேசிய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமைத் தாக்கும் கட்டுரைகளை அங்குள்ள ஏடுகளில் வரவழைத்தார். அதற்கு மலேசியத் தரப்பிலிருந்து சுமார் 3,90,000 டாலர் வந்தது என்பது, 2013இல் அவர் அமெரிக்க அரசிடம் பதிவு செய்த ஆவணத்தில்தான் வெளியானது. படித்தவர்களுக்கு அதுவரை எப்படித் தெரிந்திருக்கும்?

மக்கள் தொடர்பு வேண்டாத வேலை அல்ல. வெள்ள நிவாரண மையப் பட்டியலையும் டிங்கி எச்சரிக்கையையும் அப்படியே போடலாம், போடத்தான் வேண்டும். மற்ற அறிக்கைகளை ‘அறிக்கை’ என்று தலைப்பிட்டு வெளியிடுங்கள். காசோலைப் படம் போட்ட ஏடு, ஓராண்டு கழித்து அதே பள்ளிக்கு நிருபரை அனுப்பிப் பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு எழுதட்டும். அதுதான் செய்தி.