காணொளி வருவாயும் வீட்டு வாசற்படியும்

ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய், உலு திராம் முதலிய இடங்களில் வாழும் நம் இளைஞர்களில், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் ஜீவனத்தில் சலிப்புற்று, வேலையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் ஒன்றைத் தொடங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பெருகி வருகின்றனர். இதைச் சோம்பலின் விளைவென்று பெரியவர்கள் தள்ளிவிடுவது நியாயமன்று. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, நிரந்தரமென்று நம்பியிருந்த சிங்கப்பூர் வேலையும் ஒரே இரவில் எட்டாக்கனியாகிவிடக் கூடும் என்பதை ஜொகூர்க் குடும்பங்கள் பிரத்தியட்சமாகக் கண்டன. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த அடைபட்ட நாட்களில்தான், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத் தொழிலாளியான சுகுவும் அவர் மனைவி பவித்திராவும், சிறிய வீட்டில், எளிய அடுப்படியில், கைப்பேசியையே காமிராவாகக் கொண்டு எடுத்த சமையற் காட்சிகள் நாடெங்கும் பிரசித்தி பெற்றன. பவித்திரா மலாயில் பேசினார். நம் வீட்டுக் கறியின் மணத்தை அண்டை வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே அறிந்துகொண்டார்கள். நம் ஜொகூரைச் சேர்ந்தவரும் அந்நாளில் பிரதமராயிருந்தவருமான முகைதீன் யாசின் தம் உரையில் அவர்கள் பெயரை எடுத்துச் சொன்னார். தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியை நாடு முழுதும் மரியாதையோடு பார்த்தது நமக்குச் சாமானியமான விஷயமா?

ஆனால் வருவாயின் கணக்கை இளைஞர்கள் பொறுமையாகப் பார்க்க வேண்டும். யூடியூபில் நீண்ட காணொளிகளைக் கொண்டு விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்த பின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு நமக்கு. அதுவும் 100 அமெரிக்க டாலர் திரண்ட பிறகே கைக்கு வரும். அமெரிக்காவில் இருப்போர் பார்த்ததால் கிடைத்த பங்கில், அந்நாட்டோடு மலேசியாவுக்கு முழுமையான வரி உடன்படிக்கை இல்லாமையால், 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்ளப்படும். மலேசியாவில் 5,000 ரிங்கிட்டுக்குட்பட்ட சம்பளக்காரருக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டு ஊழியர் சேமநிதியும் இதில் கிடையாது.

இந்தக் கணக்கையும் விட என்னை வருத்துவது வேறொன்று. மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில், காமிராவுக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரமும் சேர்ந்தே போய்விடுகிறது. முதலில் சமையல், பார்வை குறைந்தால் பிள்ளையின் பிறந்த நாள், அதுவும் குறைந்தால் கணவன் மனைவி பிணக்கு. காட்சி சரியாகப் பதியவில்லை என்று, வெட்டிய கேக்கை மறுபடி ஒட்டவைத்து, தூக்கத்தில் கண் செருகும் குழந்தையின் கையில் திரும்பவும் கத்தியைக் கொடுத்து, வட்ட விளக்கின் முன்னே சிரிக்கச் சொல்லும் பெற்றோரைக் கொடியவர்கள் என்று நான் கருதவில்லை. அம்மாதத்து வீட்டு வாடகை அந்தச் சிரிப்பை நம்பி நிற்கிறது. சுகு, பவித்திரா வீட்டுத் துயரம் 2021-இல் பத்திரிகைச் செய்தியாகி, அவர்களுடைய காணொளிகளும் மறைந்தபோது, அவர்களை நேரில் கண்டிராதவர்களெல்லாம் தீர்ப்புச் சொல்ல முன்வந்தார்கள். அந்தக் காயத்தின் வேதனை வீட்டாருக்கே தெரியும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர் பேரன்மாரும் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை இதனோடு வைத்துப் பார்க்கலாம். வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்கள். 2021-இல் சந்தாதாரர் ஒரு கோடியை எட்டினர். அவர்கள் கைப்பக்குவத்தை உலகமறியும். படுக்கையறையை யாரும் அறியார். வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றே புகழும் பொருளும் ஈட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் வேலையை விடாமல் தொடங்குங்கள் என்பதே என் அபிப்பிராயம். உருமி அடிக்கத் தெரிந்தவன் அதைக் கற்றுக்கொடுக்கட்டும். ரவிக்கை தைக்கத் தெரிந்தவள் கழுத்து வெட்டும் விதத்தைக் காட்டட்டும். பாசிர் கூடாங்கில் வெல்டிங் செய்பவன் தன் தொழிலின் நுணுக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் எடுத்துரைக்கட்டும். ஓராண்டுக் காலம் தொடர்ந்து, சேமநிதிக்குப் போகும் தொகையும் உட்பட, சம்பளத்துக்கு ஈடான வருவாய் வந்து, அதற்கு முறைப்படி வருமான வரியும் கட்டி, தன் பெயரில் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் காப்புறுதியும் எடுத்துவைத்த ஒருவன் அப்போது வேலையை விடுவதாகச் சொன்னால், அவன் தாய் தந்தையர் அவனைத் தடுக்கக் கூடாது.