பொறுப்பு வந்தது, உரிமை வந்ததா?

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் முன்வைக்கப்படும். போர் அவர்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்து முன்னேற்றியது என்பது ஒன்று. எல்லாவற்றையும் பறித்துவிட்டது என்பது மற்றது. கள ஆய்வுகளைப் படித்தால் இரண்டுமே பாதி உண்மைதான் என்பது விளங்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, இந்திய அமைதிப்படைக் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவங்களைப் பதிவுசெய்தார். அவை ‘முறிந்த பனை’ நூலில் இடம்பெற்றன. 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பெண்களின் வாக்குமூலத்தை வரலாறாகக் கருதும் வழக்கத்துக்கு இங்கே அவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

மானிடவியலாளர் தாரிணி ராஜசிங்கம்-சேனநாயக்க 2001இல் வெளியான கட்டுரையில் இன்னொரு மாற்றத்தைக் காட்டினார். இடம்பெயர்ந்த இளம் விதவைகள் பலர் பொட்டை அழிக்க மறுத்தார்கள். அவர்கள்தான் உழைத்தார்கள், அலுவலகங்களுக்கு அலைந்தார்கள், சோதனைச் சாவடியைக் கடந்தார்கள். விதவை என்று ஒதுங்கி இருக்க அவர்களுக்கு வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் இந்தத் துணிவு இழப்பின் வழியாக வந்தது. அதனால் இதை வெறும் வெற்றிக்கதையாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

வேலையும் பொறுப்பும் பெண்ணின் கைக்கு வந்த வேகத்தில் சட்டம் மாறவில்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தையும் அதையொட்டிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையும் எடுத்துக்கொள்வோம். மணமான பெண் தன் பெயரில் உள்ள சீதனக் காணியைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போயிருந்தால்? நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். காணி உறுதி அவள் பெயரில் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு அந்தக் காணியை ஈடு வைக்க வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியவளும் அவளே.

மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பார்கள். அதை வாங்குவது, காணாமற்போன கணவர் இறந்துவிட்டார் என்று தன் வாயால் ஒப்புக்கொள்வதாகும். தேடிக்கொண்டிருக்கும் மனைவிக்கு அது முடியாத காரியம். இறந்தவர் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது 2016இல்தான். போர் முடிந்தது 2009இல்.

உதவித் திட்டங்களிலோ ‘பெண் தலைமைக் குடும்பம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கணவனை இழந்தவர், காணாமற்போனவரின் மனைவி, கைவிடப்பட்டவர், நோயாளிக் கணவரைப் பராமரிப்பவர் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். ஒருவருக்குக் காணிச் சிக்கல், இன்னொருவருக்கு நுண்கடன், மற்றவருக்குப் பாதுகாப்பு. எல்லாருக்கும் ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது தீர்வாகாது.

ஆய்வுகளின் பயன் இங்கேதான் இருக்கிறது. பெண் என்னென்ன வேலை செய்கிறாள் என்று மட்டும் பார்த்தால் முன்னேற்றம் தெரியும். எதில் அவளால் தானே முடிவெடுத்துக் கையெழுத்திட முடிகிறது என்று பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்குத் தன் காணியின் மீது முழு உரிமை வேண்டும். தேசவழமையின் சம்மத விதியை நீக்குவதே அதற்கான முதல் வேலை.