மூட்டுத் தெரியாமல்!

வேலைக்கு அப்ளிகேஷன் போடும் தம்பிகளே, ஒரு நிமிஷம்! இப்போதெல்லாம் பயோடேட்டாவில் 'சீம்லெஸ்லி' இல்லாமல் யாரும் வேலை பார்த்ததாகவே தெரியவில்லை. 'ஸ்மூத்லி'யைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒண்ணு இல்லீங்க!

லுங்கி வாங்கினால் மூட்டித் தரச் சொல்கிறோமே, அந்த மூட்டுதான் 'சீம்'. கிரிக்கெட் பந்தின் நடுவில் ஆறு வரிசைத் தையல் மேடாக நிற்கிறதே, அதுவும் சீம்தான். 'சீம் பௌலர்' பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. 1885-ல் ஜெர்மனியின் மானெஸ்மான் சகோதரர்கள் மூட்டே இல்லாமல் இரும்புக் குழாய் செய்ய வழி கண்டார்கள். அது 'சீம்லெஸ்' குழாய்.

ஆக, 'சீம்லெஸ்லி' போட இரண்டு சங்கதி வேண்டும். அவை சேர்ந்த இடம் தெரியக் கூடாது. மீட்டிங் தகராறில்லாமல் முடிந்ததா? 'ஸ்மூத்லி' போதும். பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதுசுக்குக் கணக்கை மாற்றியும் கஸ்டமருக்குத் துளித் தடங்கல் தெரியவில்லையா? தாராளமாக 'சீம்லெஸ்லி' போடுங்கள்.

ஆனால் இன்டர்வியூவில், "எதை எதோட சேர்த்தீங்க?" என்று கேட்டால் பதில் வேண்டும். மூட்டுத் தெரியவில்லை என்றால், யாரோ ராத்திரி கண்விழித்து ஒழுங்காக மூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆசாமி நீங்கள்தான் என்றால், செய்த வேலையை விவரமாகவே எழுதிவிடுங்கள். மூட்டுத் தெரியாததால் உங்கள் மேனேஜருக்கும் அது தெரிந்திருக்காது!