கம்ப்யூட்டர் உறுப்புகளும் பகாசுரக் கம்பெனிகளும்

விசைத்தறி ஓடும் அம்மையார்குப்பத்து வீடுகளிலும், சுற்று வட்டாரத்தில் நாற்று நடுவோர், கரும்பு வெட்டுவோர் வீடுகளிலும் ஒரு புதிய வாக்குவாதம் எழுந்திருக்கிறது. "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புது விளையாட்டு எதுவும் ஓடவில்லை, உள்ளே சில உறுப்புகளை மாற்ற வேண்டும்" என்கிறான் பிள்ளை. "விளையாட்டுக்கு ஒரு மாதக் கூலியா?" என்று சீறுகிறார் தகப்பனார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவர் கண்ணிலும் படாத மூன்றாவது ஆசாமி ஒருவன் நடுவே நிற்கிறான். அந்த உறுப்புக்கு விலை வைக்கும் ஏகபோக முதலாளிதான் அவன்.

விளையாட்டு வீண் என்று நாம் சொல்லமாட்டோம். எட்டு மணி நேர வேலைக்காக 1886ல் சிகாகோ தொழிலாளர் ரத்தம் சிந்தியது, மிச்ச நேரம் உழைப்பாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்பதற்காகத்தான். பணக்காரன் பிள்ளைக்கு உள்ள பொழுதுபோக்கு தறிக்காரர் பிள்ளைக்கு ஏன் கூடாது? மேலும் விளையாட்டு ஓடும் அதே யந்திரத்தில் சேலை டிசைன் போடலாம், கணக்கு எழுதலாம், பாடம் படிக்கலாம்.

கம்ப்யூட்டர் என்றதும் மலைக்க வேண்டாம். அது தறியின் வாரிசு. 1804 வாக்கில் பிரான்சு தேசத்தின் லியோன் நகரத்து ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியை உண்டாக்கினார். அந்த அட்டை யோசனையைத்தான் பின்னர் இங்கிலாந்தில் பாபேஜ் தமது கணக்கு யந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அச்சு தேய்ந்தால் அச்சை மாற்றுகிறோம். நாடா உடைந்தால் நாடாவை மாற்றுகிறோம். அதற்காகத் தறியையே யாரும் தூக்கி எறிவதில்லை. கம்ப்யூட்டரும் அப்படியே. கணக்குப் போடும் பிராசஸர், கையிருப்பு வைக்கும் ரேம், படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு, இவற்றைத் தாங்கும் மதர்போர்டு, மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளை என்று ஒவ்வொன்றும் தனித் தனி உறுப்பு.

எதை மாற்றுவது? கடைக்காரன் காட்டுவதை அல்ல. பெரிய மோட்டாரைப் பொருத்தி, குழாய் மட்டும் குறுகலாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. எந்த உறுப்பு மற்றவற்றைக் காக்க வைக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் தேவை. கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் திணறினால் அதுதான் தடை. ஆனால் புதுக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பவர் சப்ளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய சுழல் தட்டு ஹார்டு டிஸ்க் இருந்தால், ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாலே யந்திரம் புத்துயிர் பெறும். டி.டி.ஆர். 4 பலகையில் டி.டி.ஆர். 5 ரேம் பொருந்தாது. இவற்றை அறிந்தவர் ஒருவர் தெருவில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். கந்து வட்டிக்கோ தவணைக்கோ கடன் வாங்கி மட்டும் மாற்றாதீர்கள்.

ஒரு உறுப்பை மட்டும் மாற்றி யந்திரத்தைக் காப்பாற்றும் இந்த உரிமைதான் இன்று முதலாளிகளின் கண்ணை உறுத்துகிறது. ஏ.எம்.டி. கம்பெனி 2017ல் விற்ற பலகைகள் பலவற்றில், 2022ல் வந்த பிராசஸரையும் பொருத்த முடிந்தது. இன்டெல் கம்பெனியோ இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை பலகையையே மாற்ற வைத்தது. பலகை மாறுவது இயற்கை நியதி அல்ல, வியாபார முடிவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11, 2017க்கு முந்திய இன்டெல் பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் யந்திரங்கள் ஒரே உத்தரவில் பழசாக்கப்பட்டன! லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் உழைக்கும். எல்லா விளையாட்டும் அதில் ஓடாது என்றாலும் படிப்புக்கும் வேலைக்கும் குறையில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக இந்த வழியில்தான் செல்கின்றன.

இப்போது விலைக்கு வருவோம். ரேமுக்கான சில்லுகளில் மிகப் பெரும் பகுதியை உலகில் மூன்றே கம்பெனிகள் செய்கின்றன: தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சசக் கம்ப்யூட்டர் கூடங்கள் அதிக லாபம் தருவதால், சாதாரண ரேமுக்கான உற்பத்தி அந்தப் பக்கம் திருப்பப்பட்டது. 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. நெசவாளிக்கு இந்தக் கதை புதிதல்ல. 2022 மே மாதத்தில் பருத்திக் கண்டி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி, நூல் விலை எகிறித் தறிகள் நின்றதை மறந்துவிட்டோமா? கச்சாப்பொருள் சிலர் கையில் சிக்கினால், சுமை எப்போதும் கடைசிக் கையில்தான் இறங்கும்.

2025 டிசம்பரில் மைக்ரான் பகிரங்கமாகவே அறிவித்தது: சாதாரண ஜனங்களுக்கு ரேம் விற்றுவந்த தன் 'குரூஷியல்' வியாபாரத்தை மூடிவிட்டு, பெரிய வாடிக்கைக்காரர்களைக் கவனிக்கப் போகிறதாம். இதே மைக்ரானுக்கு குஜராத்தின் சானந்தில் ஒரு சில்லுத் தொழிற்சாலை அமைகிறது என்று 2023ல் அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 50 பங்கு மத்திய சர்க்கார் பணம்; 20 பங்கு குஜராத் சர்க்கார் பணம். நூற்றுக்கு எழுபது மக்கள் வரிப்பணம். ஆனால் மக்களுக்கு ஒரு ரேம் பட்டை விற்க அந்தக் கம்பெனிக்கு மனமில்லை! பணம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையாவது விதித்திருக்க வேண்டாமா?

சில்லு செய்யும் தொழிலாளியும் நம்மவரே. 2024ல் தென் கொரியாவில் சாம்சங் தொழிலாளர் அந்தக் கம்பெனி சரித்திரத்தில் முதல் தடவையாக வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், அதே கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் டெலிவிஷன், குளிர்பெட்டி செய்யும் நம் தோழர்கள், சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் போராடினர். விலையேற்றத்தின் லாபம் அவர்கள் கூலிக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை. போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். கம்ப்யூட்டர் உறுப்புகள் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் குறைக்க வேண்டும்; விலை ஏற ஏற வரியும் ஏறும் இந்த முறை அநியாயம். மக்கள் பணம் வாங்கும் சில்லுக் கம்பெனிகள் உள்நாட்டுச் சந்தைக்கு நியாய விலையில் ஒரு பங்கு விற்க வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையத்தளம் திறந்தது. தளம் போதாது, உறுப்பும் வரைபடமும் தர மறுக்கும் கம்பெனியைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும். ஊர் நூலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக நல்ல கம்ப்யூட்டர்களும், பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஆளும் வேண்டும்.

உழைத்து வாங்கிய யந்திரத்தைத் திறக்கவும், திருத்தவும், நீடித்து ஓட்டவும் உழைப்பாளிக்கு உரிமை உண்டு. அதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்போம். சேர்ந்து கேட்டால் கிடைக்கும்!